பிரவுசருக்குக் கேமரா கிடைத்த கதை

வெப் ஏ.ஆர். செய்து பார்த்த பலருக்கும் இது நடந்திருக்கும். லேப்டாப்பில், லோக்கல்ஹோஸ்ட்டில் எல்லாம் அழகா ஓடும். அதே பக்கத்தை வைஃபை வழியா, ஐ.பி. முகவரி போட்டு போன்ல திறந்தா கேமரா வராது. கோடுல தப்பு தேடியே ராத்திரி போயிடும். தப்பு கோடுல இல்லை. எங்கேன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1999. ஹிரோகாஸு கட்டோவும் மார்க் பில்லிங்ஹர்ஸ்ட்டும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹிட் லேபில் ஏ.ஆர்.டூல்கிட்டைக் காட்டுறாங்க. ஒரு தாள், அதுல தடிமனான கறுப்புச் சதுரம். கேமராப் படத்தை வெறும் கறுப்பு வெள்ளையா மாற்று. நாலு மூலை உள்ள வடிவத்தைத் தேடு. சதுரத்தின் நிஜ அளவு தெரியும். அப்போ படத்தில் அது எப்படிச் சாய்ந்திருக்கு என்பதை வைத்தே கேமரா எங்கே நிற்குதுன்னு கணக்குப் போட்டுடலாம். அவ்வளவுதான். எவ்வளவு எளிமை பாருங்க!

சி மொழியில் எழுதிய அந்தக் கோடு ஜாவாவுக்குப் போச்சு, அங்கிருந்து ஃப்ளாஷுக்கு வந்தது. 2009-ல் ஜி.இ. நிறுவனம், தாளை பிரிண்ட் எடுத்து வெப்கேமில் காட்டினா காற்றாலை எழும்பி நிற்கிற ஒரு பக்கத்தை வெளியிட்டது. ஆக, பிரவுசர் ஏ.ஆர். அப்பவே வந்தாச்சு. ஆனா கேமராவின் சாவி ஃப்ளாஷ் கையில் இருந்தது. ஐபோனுக்குள் ஃப்ளாஷுக்கு இடமே இல்லை.

கோடு மறுபடி வீடு மாறி ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தது. 2012-ல் குரோம், கெட்யூசர்மீடியா வழியா கேமராவைத் தானே திறக்க ஆரம்பித்தது. நம்ம பிரச்சினை பிறந்தது 2015 டிசம்பரில். குரோம் 47, ஹெச்.டி.டி.பி.எஸ். இல்லாத பக்கங்களுக்குக் கேமராவை மூடிவிட்டது. காரணம் நியாயமானது. வெறும் ஹெச்.டி.டி.பி.யில் நீங்க ஒரு தளத்துக்கு அனுமதி கொடுத்தா, அதே வைஃபையில் உட்கார்ந்திருக்கிற எவனாவது நடுவில் தன் கோடை நுழைத்து அந்த அனுமதியைப் பயன்படுத்தலாம். லோக்கல்ஹோஸ்ட் மெஷினை விட்டு வெளியே போகாததால் அதுக்கு மட்டும் விலக்கு. நல்லவேளை, அதே மாசம்தான் லெட்ஸ் என்கிரிப்ட் எல்லோருக்கும் இலவசமா சான்றிதழ் தர ஆரம்பித்தது. இல்லைன்னா வெப் ஏ.ஆர். காசு உள்ளவங்க விளையாட்டாவே இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

2017-ல் ஜெரோம் எட்டியென் ஏ.ஆர்.ஜேஎஸ் வெளியிட்டார். ஏ-ஃப்ரேமோடு சேர்த்தா பத்து வரி ஹெச்.டி.எம்.எல். போதும்! உள்ளே ஓடுறது அதே பழைய சதுரக் கணக்குதான். அந்த செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 11 வந்த பிறகுதான் சஃபாரியில் கேமரா திறந்தது. ஐபோனில் குரோம் வைத்திருந்தவங்க 2020 டிசம்பர் வரை, ஐ.ஓ.எஸ். 14.3-க்காகக் காத்திருந்தாங்க.

2020-ல் குரோம் 81-இல் வெப்எக்ஸ்ஆரின் ஏ.ஆர். வசதி வந்து, தாளே இல்லாம தரையில் பொருளை வைக்க முடிந்தது. ஐபோன் சஃபாரி அதை இன்னும் ஏற்கலை. அதனால எல்லா போனிலும் ஓடணும்னா நான் இன்னமும் கறுப்புச் சதுரத்தைத்தான் சொல்வேன்.

சரி, போன்ல சோதிப்பது எப்படி? ஆண்ட்ராய்டுன்னா யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, குரோமின் போர்ட் ஃபார்வர்டிங்கைப் போடுங்க. போனுக்கு உங்க லேப்டாப் சர்வர் லோக்கல்ஹோஸ்ட்டாவே தெரியும், கேமரா திறக்கும். ஐபோன்னா நேரா கிட்ஹப் பேஜஸில் ஏற்றிடுங்க, ஹெச்.டி.டி.பி.எஸ். அங்கேயே இருக்கு.