கவளிக்குள் இருந்த கத்தி

சென்ற பருவத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு மெய்ப்பொருள் நாயனார் புராணம் நடத்திக்கொண்டிருந்தேன். முத்தநாதன் அந்தப்புரத்துக்குள் நுழையும் கட்டத்தில், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கலாமே, ஏன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தான்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. "வேடத்துக்குப் பொருத்தமாக" என்று ஏதோ சொல்லி மேலே சென்றுவிட்டேன். மாலையில் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் திரும்பும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆயுதத்தை உடைக்குள் மறைத்தல் என்பது நம் இலக்கியத்திலும் வரலாற்றிலும் சிறிய செய்தியன்று. அன்று தொடங்கிய சிந்தனையையே இங்கு நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கதை பலரும் அறிந்ததே. ஆயினும் அதன் சில நுட்பங்களை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மெய்ப்பொருள் நாயனார் சேதி நாட்டுத் திருக்கோவலூரை ஆண்டவர். பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குரிய ஊர் அது. அவ்வூரைத் தழுவி வரும் தென்பெண்ணைதான் கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. அவருக்குப் பாடிய சேக்கிழாரோ தில்லையில், ஆயிரக்கால் மண்டபத்தில் பெரியபுராணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. ஆகவே கதையும் காப்பியமும் நம் ஊர்ப் பக்கத்துச் சொத்துகள் என்று சற்றே உரிமை கொண்டாடலாம்.

முத்தநாதன் போர்க்களத்தில் பலமுறை தோற்றவன். யானையும் குதிரையும் காலாளும் இழந்து, வாளால் வெல்ல இயலாது என்று தெளிந்தபின் திருநீற்றை எடுத்துக்கொள்கிறான். மெய்யெங்கும் நீறு, முடித்த சடை, கையில் ஒரு புத்தகக் கவளி. அதனுள் படை. புறத்தே ஒளியும் அகத்தே மையும் கொண்ட விளக்கை அவனுக்கு உவமையாக்குகிறார் சேக்கிழார். வாயில்காவலர் அனைவரும் கைகூப்பி வழிவிடுகின்றனர். கடைசி வாயிலில் நின்ற தத்தன் ஒருவனே, அரசர் துயில்கிறார், சமயம் அறிந்து புகவேண்டும் என்று தடுக்கிறான். முத்தநாதன் அவனையும் கடந்து உள்ளே செல்கிறான். யாரிடத்தும் இல்லாத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகவும், அதைத் தனிமையிலேயே உரைக்க வேண்டும் என்றும் கூறுகிறான். அரசர் தேவியை அப்புறம் போகச் சொல்லி, அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்கிறார். கவளியை மடிமேல் வைத்து அவிழ்ப்பவன்போல் அவிழ்த்துக் கத்தியை எடுத்து நினைத்ததை முடிக்கிறான்.

மாணவரின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. முதலாவது, தவவேடத்தான் மேலாடை அணிவதில்லை. நீறு பூசிய வெற்றுமேனியில் எதையும் ஒளிக்க இயலாது. எஞ்சியது அரை. ஆனால் அரையில் செருகிய கத்தியை எடுக்கக் கை இடுப்புக்குப் போக வேண்டும். சற்று முன்னர்தான் ஐயத்தோடு தடுத்த ஒருவன் வாயிலில் நிற்கிறான். புத்தகத்தை அவிழ்க்கும் கையையோ எவரும் ஐயுறார். ஏனெனில் அரசர் எதிர்நோக்கியிருந்த செயலே அதுதான். பொருளை மறைப்பதைவிட, அதை எடுக்கும் செயலை மறைப்பதே அரிது. முத்தநாதன் இதை அறிந்திருந்தான்.

இரண்டாவது, கவளியின் வடிவம். இன்றைய மாணவர் புத்தகம் என்றால் அகன்ற அட்டைப் புத்தகத்தை எண்ணுகிறார். ஓலைச்சுவடி நீண்டு ஒடுங்கியது. மேலும் கீழும் சட்டம் வைத்துக் கயிற்றால் கட்டித் துணியில் சுற்றினால், அதன் நீள அகலம் ஏறத்தாழ ஒரு குறுவாளின் உறைக்குரிய நீள அகலந்தான். போதாக்குறைக்கு எழுத்தாணி என்பதே கூரிய இரும்பு. மடக்கெழுத்தாணியில் ஓலை வாரும் கத்தியும் சேர்ந்தே இருக்கும். ஏடு சுமப்பவனிடம் இரும்பு இருப்பது வழக்கத்துக்கு மாறானதன்று. எங்கள் துறையில் பழைய சுவடிக்கட்டு ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இனி இந்த நினைவு வராமல் இராது.

வள்ளுவர் இதனை முன்பே இரண்டிடங்களில் தொட்டிருக்கிறார். தவவேடத்தில் மறைந்து தீயவை செய்வதைப் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனோடு ஒப்பிடுகிறது 274ஆம் குறள். கூடாநட்பு அதிகாரத்தில் வரும் 828ஆம் குறள் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: பகைவர் தொழுத கைக்குள்ளும் படை மறைந்திருக்கும், அவர் அழுத கண்ணீரும் அத்தகையதே என்பது அதன் கருத்து. துணிக்குள்ளன்று, தொழுகைக்குள் ஆயுதம் ஒடுங்குகிறது. மறைப்பது உடையன்று, உடைக்கும் தொழுகைக்கும் நாம் தரும் மதிப்பே மறைக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு நூலை நான் அறியேன்.

இதற்கு மறுதலையான கதை ஒன்றும் பெரியபுராணத்திலேயே இருக்கிறது. ஏனாதிநாதர் சோழநாட்டு எயினனூரில் வாட்பயிற்சி அளித்தவர். தொழிற்போட்டியால் பகைத்த அதிசூரன், படையோடு மோதித் தோற்றபின் தனியிடத்தில் போரிடலாம் என்று அழைக்கிறான். வாழ்நாளில் நீறு பூசாதவன், அன்று நெற்றி நிறையப் பூசி, அதனைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வருகிறான். நெருங்கியதும் கேடயத்தை விலக்குகிறான். நீற்றைக் கண்ட ஏனாதிநாதர் கைவிட்டுவிடுகிறார். ஆயினும், ஆயுதமில்லாதவரைக் கொன்ற பழி அவனுக்கு வரலாகாதே என்று வாளையும் பலகையையும் ஏந்தியபடியே நிற்கிறார். முத்தநாதன் நீற்றின் துணையால் ஆயுதத்தை மறைத்தான்; அதிசூரனோ ஆயுதத்தால் நீற்றை மறைத்தான். அவனிடம் மறைத்துவைக்கப்பட்ட ஆயுதம் திருநீறுதான். இவ்விரு புராணங்களையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து நடத்த வேண்டும் என்று பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்.

இனி நூல்களை விட்டு வரலாற்றுக்கு வருவோம். நம் முன்னோர் ஆயுதத்தை மறைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லாதவர்கள். உடைவாள் என்னும் சொல்லைப் பாருங்கள். உடையோடு சேர்ந்த வாள். அரைக்கச்சில் எல்லாரும் காணத் தொங்குவது. அது அணி, அதிகாரம், அடையாளம் அனைத்தும். பனையேறும் தொழிலாளியின் இடுப்பில் அரிவாள் பெட்டி வெளிப்படையாகவே தொங்கும், எவரும் அஞ்சியதில்லை. வேட்டியின் மடியோ வெற்றிலைக்கும் காசுக்கும் பொடிமட்டைக்கும் உரியது. அங்கே ஒரு சூரிக்கத்தி ஏறினால் அது வேறு கதை. வெளிப்படத் தெரியும் இரும்பைக் கருவி என்கிறோம், மடிக்குள் போன இரும்பைக் கொலைக்கருவி என்கிறோம்.

விதிவிலக்குகள் உண்டு. 1659ஆம் ஆண்டு நவம்பரில் பிரதாப்கட் அடிவாரத்தில் அப்சல்கானைச் சந்திக்கச் சென்ற சிவாஜி, அங்கிக்குள் இரும்புக் கவசமும் தலைப்பாகைக்குள் இரும்புத் தொப்பியும் கைக்குள் புலிநகமும் கொண்டு சென்றார் என்பது மராட்டிய வரலாற்றின் புகழ்பெற்ற பக்கம். அதே சிவாஜி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றினார். பின்னர் 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கியை நாற்புறமும் சுட்டு, குண்டு விழுந்த எல்லைவரை உள்ள ஊர்களெல்லாம் தமக்கே என்று எழுதிக்கொண்டனர். கடலூரைச் சூழ்ந்த சில சிற்றூர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்னும் பெயர் அதனால் வந்தது. இது மறைத்த ஆயுதத்தின் நேர் எதிர்ப்பக்கம். ஓசையே உரிமைப் பத்திரம்!

அந்த ஓசைக்குச் சொந்தக்காரர்களே பிறர் ஆயுதத்தைப் பறித்தனர். பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் தென்பாண்டிச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து அறிக்கை வெளியிட்டனர். 1857 கிளர்ச்சியின் நினைவு மாறாத நிலையில் 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. இடுப்பிலிருந்து ஆயுதம் இறங்கியது இவ்வாறுதான். இறங்கிய ஆயுதம் மீண்டும் ஏறியபோது, அது மறைவாகவே ஏற வேண்டியதாயிற்று.

அதற்கு இரண்டு புதுமைகள் துணைநின்றன. ஒன்று, சட்டையும் கோட்டும் கொண்டுவந்த பை. மற்றொன்று, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஒரு சாணுக்கும் குறைவான நீளம், தட்டையான உடல். 1909இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் இருபது பிரௌனிங் துப்பாக்கிகளைப் பெட்டியின் பொய்யடித்தட்டுக்குள் மறைத்து அனுப்பினார். அவற்றில் ஒன்றால் அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் நாடக அரங்கில் ஆட்சியர் ஜாக்சன் கொல்லப்பட்டார். நம் பக்கத்தில், கடலூருக்கு அண்டையில் இருந்த பிரெஞ்சுப் புதுச்சேரி புகலிடமாயிற்று. வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டார். ஆஷ் தம் மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். அப்பெட்டியை நெருங்கியவர் நன்றாக உடுத்திய ஒரு குடுமிக்காரர். அழுக்குக் கந்தையோடு ஒருவன் வந்திருந்தால் நடைமேடையிலேயே விரட்டப்பட்டிருப்பான். நல்லுடைக்கு வெள்ளை அதிகாரமும் வழிவிட்டது. திருக்கோவலூர் வாயில்காவலர் நீற்றுக்கு வழிவிட்டதைப் போலவே.

வாஞ்சியையும் முத்தநாதனையும் ஒரு தட்டில் வைக்கிறேன் என்று நண்பர்கள் எவரும் சினங்கொள்ள வேண்டாம். நோக்கத்தை நான் ஒப்பிடவில்லை. ஒருவன் தோற்ற பகைமைக்காகச் செய்தான். மற்றவர் தம் உயிரையும் அங்கேயே மாய்த்துக்கொண்டார். காரணத்தைக் கடிதமாகவும் எழுதி வைத்திருந்தார். நான் பேசுவது வாயில்களைப் பற்றி மட்டுமே. இந்நிகழ்ச்சிக்குப் பின் புதுச்சேரி எல்லையில் காவல் இறுகியது. 1918 நவம்பரில் எல்லை கடந்து வந்த பாரதியார் கைதாகிக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் இருந்ததும் அந்த நீண்ட ஐயத்தின் ஒரு பகுதிதான்.

மறைந்த ஆயுதத்தைக் கண்டுபிடிக்க வழி என்ன? சோதனை. ஆனால் தொழ வருவோரைச் சோதிக்கலாமா? மெய்ப்பொருளாரின் கதை இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. வருவோரைச் சோதிக்க வேண்டும் என்று காவல்துறை விரும்பியது, உள்துறை அமைச்சர் படேலும் வற்புறுத்தினார். பிரார்த்தனைக்கு வருவோரைச் சோதிப்பதற்குக் காந்தியடிகள் இசையவில்லை. பத்து நாள் கழித்து, ஜனவரி 30 அன்று, வணங்குவது போலக் குனிந்தவனின் கையில் துப்பாக்கி இருந்தது. 828ஆம் குறளை அன்றுமுதல் தமிழாசிரியர்கள் வேறு குரலில்தான் நடத்தியிருக்க வேண்டும்.

1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர் இன்னும் அண்மையது. தளர்ந்த சல்வார் உடைக்குள் வெடிகுண்டுக் கச்சை, கையில் சந்தன மாலை, காலைத் தொடக் குனிதல். அப்பெண்ணைத் தாம் தடுக்க முயன்றதையும், ராஜீவ் காந்தி எல்லாரையும் வரவிடுமாறு கூறியதையும் அங்குப் பணியிலிருந்து படுகாயமுற்ற பெண் காவலர் ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது இளம் வயது. அடுத்த நாள் ஊர் அடங்கிக் கிடந்ததும், வீட்டு வானொலியில் சோக இசை ஒலித்துக்கொண்டே இருந்ததும் நினைவிருக்கின்றன. அந்தக் காவலரைப் பற்றி அறிந்தபோது எனக்கு முதலில் தோன்றிய பெயர் தத்தன்.

உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் உறையிலிட்டே எடுத்துச்செல்ல வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கூறுகின்றன. தேர்தல் வந்தால் உரிமம் பெற்றோர் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கின்றனர். சட்டத்தின் கவலை ஆயுதத்தைப் பற்றியது. வேடத்துக்கு உரிமம் இல்லை. தில்லைக் கனகசபையில் ஏறும் ஆடவர் மேலாடையைக் களைந்துவிட்டே ஏற வேண்டும். பணிவின் பொருட்டு ஏற்பட்ட வழக்கம் அது. ஆயினும் வெற்றுமேனியோடு வரிசையில் நின்றபோது, கையில் கவளி இல்லாதவரை இது நல்ல ஏற்பாடுதான் என்று ஒரு குறும்பான எண்ணம் எழுந்து மறைந்தது.

இவ்வளவையும் மறுவாரம் வகுப்பில் சொன்னேன். அதே மாணவர் மீண்டும் எழுந்தார். "அப்படியானால் தத்தன்தானே ஐயா சரியாகப் பார்த்தவன்? அரசர் அவனை ஏன் தடுத்தார்?" என்றார். முத்தநாதன்மேல் தத்தன் வாளோடு பாய்ந்தபோது, வீழ்ந்துகொண்டிருந்த அரசர் அவன் நம்மவன் என்று தடுத்ததைத்தான் கேட்கிறார். அரசர் அறியாமையால் ஏமாந்தார் என்று கொள்ள இயலவில்லை. கத்தி வெளிப்பட்டு, குத்தும் விழுந்த பிறகும் அவ்வேடத்தைத் தொழவே செய்கிறார். அவர் காத்தது முத்தநாதனையன்று, நாளை நீறு பூசி அவ்வாயிலுக்கு வரப்போகும் மெய்யடியார்களை. ஒரு பொய்யனுக்காக அவர்கள் அனைவரும் ஐயத்துக்கு ஆளாவதை அவர் ஏற்கவில்லை. இப்படித்தான் நான் விடை சொன்னேன். மாணவர் முழுதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏற்காததில் பிழையில்லை. நான் அவரிடம் தத்தனின் பகுதியை மீண்டும் படிக்கச் சொன்னேன். மன்னரின் ஆணைப்படி, சினந்து சூழ்ந்த ஊராரை விலக்கி, கொலைகாரனை ஊரெல்லை கடத்தி, யாரும் வராத காட்டில் விட்டுவிட்டுத் தத்தன் தனியே திரும்புகிறான். அவன் வந்து, தவவேடத்தாருக்கு ஊறு நேராமல் விட்டுவந்தேன் என்று சொல்லும்வரை மன்னர் உயிரைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். போகும் வழியிலும் வரும் வழியிலும் தத்தன் என்ன நினைத்தான் என்று சேக்கிழார் சொல்லவில்லை.