நுளம்பை வீழ்த்திய வெண்மலர்

அதிரியாற்றிக் கடலின் கீழ்க்கரையிலே டல்மேசியா என்னும் நாட்டுப்பகுதி உள்ளது. சுண்ணாம்புப் பாறை நிறைந்த அதன் வறண்ட சரிவுகளில், செவ்வந்திக்கு உறவான ஒரு சிறு செடி தானாகவே வளர்கின்றது. வெள்ளை இதழ்களும் மஞ்சள் நடுவும் கொண்ட எளிய பூ அதனுடையது. மாலை தொடுப்பதற்கோ மணத்துக்கோ எவரும் அதனை நாடுவதில்லை. ஆயினும், அப்பூவை உலர்த்தி இடித்த தூள் பட்ட மாத்திரத்தில் ஈயும் தெள்ளும் மூட்டைப்பூச்சியும் கால்களை உதறிக்கொண்டு வீழ்ந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் கடைகளில் இத்தூள் பெருவாரியாக விற்பனையாயிற்று. அதற்கு முன்னர், கோக்கேசிய மலைநாட்டில் வளரும் செந்நிற மலருடைய இன்னொரு செடியின் தூள் 'பாரசீகத் தூள்' என்ற பெயரில் வழங்கி வந்தது. பைரெத்திரம் என்பது இவ்விரண்டுக்கும் உரிய பொதுப் பெயர்.

வீட்டுப் பூச்சிகளை ஒழிக்க வந்த இந்தத் தூள், நுளம்பை எதிர்க்கும் படைக்கலமாக மாறியது யப்பானிலேதான். வக்கயாமா மாவட்டத்தில் தோடம்பழ வணிகம் செய்த உயெயாமா எயிச்சிரோ என்பவர், 1886ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகர் ஒருவரிடமிருந்து இச்செடியின் விதைகளைப் பெற்றார். பூத்தூளை மாவுப் பசையோடு பிசைந்து, ஊதுவத்தி போன்ற குச்சியாக 1890இல் அவர் செய்தார். குச்சியோ முக்கால் மணி நேரம்கூட எரியவில்லை. இரவோ நெடியது. சுருண்டு கிடந்த பாம்பைக் கண்ட அவருடைய மனைவி யூக்கி, குச்சியை நீளமாக்கிச் சுருட்டிவிடலாமே என்று யோசனை கூறினாராம். 1902இல் சந்தைக்கு வந்த அந்தச் சுருள் இரவின் பெரும்பகுதியை எரிந்து கழித்தது. இன்று எந்தக் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் தொங்கும் நுளம்புச் சுருளின் பிறப்பு இதுதான்.

ஆனால் புகையிட்டு நுளம்பை விரட்டுவது வேறு, நோயை ஒழிப்பது வேறு. அந்தி வேளையில் வேப்பிலைப் புகை போடும் வழக்கம் தமிழ்ப் பகுதிகளில் தொன்றுதொட்டு உண்டு. புகைக்கு அஞ்சிய நுளம்பு அயல்வீட்டுக்குச் செல்லும். அங்கே தன் வேலையைச் செய்யும். மலேரியாக் கிருமி நுளம்பின் உடலில் வளர்வதை ரொனால்ட் றொஸ் 1897இல் செக்கந்தராபாத்தில் கண்ட பின்னர், சுகாதார அதிகாரிகள் அனைவரும் நீர்நிலைகளை நோக்கியே விரைந்தனர். சேற்றை வெட்டி வடித்தனர். தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினர். 'பாரிஸ் பச்சை' என்னும் நச்சுத் தூளைத் தூவிக் குடம்பிகளைக் கொன்றனர். நகரங்களிலும் தோட்டங்களிலும் இம்முறை பயன் தந்தது. பரந்த நாட்டுப்புறங்களில் எத்தனை குட்டைகளைத் தேடிச் செல்வது?

இலங்கை அந்தப் பாடத்தை மிகக் கொடிய முறையில் கற்றது. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா போன்ற ஆறுகள் ஓட்டம் நின்று, மணற்படுகையெங்கும் சிறு சிறு குட்டைகளாயின. தெளிந்த தேங்குநீரை விரும்பும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் நுளம்பு அவற்றிலே பெருகியது. அவ்வாண்டின் இறுதியிலே மூண்ட கொள்ளைநோய், 1935இன் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. நோயாளிக்குக் கொடுப்பதற்குக் கொயினா இருந்தது. அதுவும் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைத்த தாவர மருந்தே. நுளம்பைத் தடுப்பதற்கோ, அத்தனை குட்டைகளுக்கும் ஈடுகொடுக்கக்கூடிய கருவி எதுவும் இருக்கவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில், தென்னாபிரிக்காவின் சூலுலாந்து, நேற்றால் பகுதிகளில் வேறொரு வழி திறந்துகொண்டிருந்தது. அங்கே சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் பார்க் றொஸ், குளங்குட்டைகளை விட்டுக் குடிசைகளுக்குள் புகுந்தார். பைரெத்திரப் பூவின் சாரத்தை மண்ணெண்ணெயிற் கலந்து, கைத்தெளிப்பான் கொண்டு வாரந்தோறும் குடிசைகளின் உட்புறத்தில் தெளிப்பித்தார். திரான்சுவால் பகுதியில் டி மெயிலன் என்ற பூச்சியியல் அறிஞரும் இவ்வழியையே ஆராய்ந்தார். இருவர் கண்ட முடிவுகளும் 1936இல் சர்வதேச சங்கத்தின் சுகாதார ஏட்டில் வெளியாயின.

அந்த முறையின் உட்பொருள் நுட்பமானது. நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே நோயைப் பரப்பிவிட முடியாது. மலேரியாக் கிருமி அதன் உடலில் வளர்ந்து முதிர்வதற்குப் பத்து நாளோ இரு வாரமோ செல்லும். அக்காலத்துக்குள் நுளம்பு இரத்தத்தை நாடிப் பலமுறை வீடுகளுக்குள் வந்தாக வேண்டும். குடித்தபின் சுவரிலோ கூரையிலோ தங்கி இளைப்பாறவும் வேண்டும். அவ்வரவுகளுள் ஏதேனும் ஒன்றிலே அது மடிந்தாற்கூடப் போதும், சங்கிலி அறுந்துவிடும். குட்டைகள் ஆயிரமாயிரம்; வீடுகளோ எண்ணத்தக்கவை. மலேரியாப் போரின் பிற்காலம் முழுவதும் இந்த ஒரு கணக்கின் மீதே நின்றது. டீ.டீ.ரீ.யே அதனைக் கற்பித்தது என்று பலர் எண்ணுவர். உண்மையிற் கற்பித்தது பூ.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. மேட்டூர் அணை எழுந்ததும், 1934 முதல் புதிய கால்வாய் நீர் தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டைப் பகுதிக்குப் பாய்ந்தது. நெல்லோடு கூடவே மலேரியாவும் வந்தது. அங்கே ஆய்வு நடத்திய ரொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த போல் றசலும் அவருடைய துணைவர் நைப்பும், வீடுகளிற் பைரெத்திரம் தெளித்துப் பார்த்த பருவங்களின் பயனை 1939 முதல் 1941 வரை அறிக்கைகளாக வெளியிட்டனர். எளிய கிராமங்களுக்கும் கட்டுப்படியாகக்கூடிய முறை இது என்பது அவற்றால் விளங்கிற்று.

இத்தனை வல்லமை இருந்தும் பூவுக்கு ஒரு குறை இருந்தது. அதன் நஞ்சு காற்றிலும் வெயிலிலும் விரைவிற் சிதைந்துவிடும். இன்று தெளித்தது நாளை வரும் நுளம்பை அசைக்காது. ஆகையால் ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் முன்னர்ப் பட்ட பாடு வீணாகும். விலையும் ஏறி இறங்கியது. உலகுக்கு வேண்டிய பூவில் மிகப் பெரும்பகுதியை அனுப்பி வந்தது யப்பான். போர் மூண்டு அவ்வழி அடைபட்டதும், கெனியாவின் குளிர்ந்த மேட்டுநிலங்களில் விளைந்த பூவே நேச நாட்டுப் படைகளுக்குக் கைகொடுத்தது.

பூவின் பஞ்சமே இன்னொரு கண்டுபிடிப்பை விலையுடையதாக்கியது. பைரெத்திரத்தோடு நல்லெண்ணெயைச் சேர்த்தால் அதன் கொல்லும் ஆற்றல் பன்மடங்காகின்றது என்பதை 1940இல் அமெரிக்கர் கண்டனர். எள்ளில் உள்ள செசமின் என்னும் பொருளே அதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெரிய வந்தது. பூச்சியின் உடல் நஞ்சைச் சிதைக்கும் வழியை அது அடைத்துவிடுகின்றது. பூவின் சாரம், நல்லெண்ணெய், அழுத்திய வாயு ஆகிய மூன்றையும் அடைத்த கைக்கலங்கள் போர்க்காலத்தில் கோடிக்கணக்கில் செய்யப்பட்டன. பசிபிக் தீவுகளின் கூடாரங்களில் உறங்கிய படைவீரர்களை மலேரியாவினின்று காத்ததில், சமையலறை எண்ணெய்க்கும் பங்கு உண்டு.

அதற்குள் டீ.டீ.ரீ. வந்துவிட்டது. அது சுவரில் ஒருமுறை படிந்தால் மாதக்கணக்கில் நின்று கொல்லும். இலங்கை முழுவதிலும் அதனைத் தெளிக்கும் பணி 1946இல் தொடங்கிற்று. 1963இல் நாடெங்கும் பதிவான நோயாளர் 17 பேர் மாத்திரமே. பூவை நாடுவார் இல்லாமற் போயினர். ஆனால் நீடித்து நிற்பதே டீ.டீ.ரீ.க்குக் குற்றமாகவும் முடிந்தது. அது மண்ணிலும் நீரிலும் உயிர்களின் கொழுப்பிலும் தங்கியது. நுளம்புகளும் அதற்குப் பழகின. விழிப்பு தளர்ந்த வேளையில் மலேரியா திரும்பியது. 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் வாய்ப்பட்டனர். அதே ஆண்டில், டீ.டீ.ரீ.யைத் தாங்கும் நுளம்புகள் இலங்கையிலே கண்டறியப்பட்டன.

பூவின் குணத்தை வெயிலுக்கு அஞ்சாத உருவிற் படைக்க இயலுமா என்று இரசாயன அறிஞர் முன்னரே முயன்றிருந்தனர். பூவின் நஞ்சினது அமைப்பை ஸ்ரோடிங்கர், றுசிக்கா ஆகிய இருவரும் 1924இல் வெளியிட்டிருந்தனர். அதனைப் பின்பற்றிய முதற் செயற்கைப் பொருள் 1949இல் உருவாயிற்று. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆய்வுநிலையத்தில் மைக்கல் எலியட் குழுவினர் 1973இல் அறிவித்த பெர்மெத்திரின் வெயிலையும் தாங்கியது. இதனைத் தோய்த்த நுளம்பு வலைகள் ஆபிரிக்காவில் எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்தன. இலங்கையிலும் 1990களில் இவ்வினப் பொருள்கள் தெளிப்புக்கு வந்தன. 2012இன் பின்னர் நாட்டினுள்ளே தொற்றிய மலேரியா இல்லாமற் போக, 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கியது.

செடியிலிருந்து வந்தது ஆதலால் தீங்கற்றது என்று கொள்வது பிழை. புகையிலையின் நிக்கொட்டினும் தாவர நஞ்சுதான். அது ஆளையே கொல்லும். பைரெத்திரம் மனிதருக்குப் பெரும்பாலும் தீங்கு குறைந்ததாயினும், மீன்களுக்குக் கொடியது. நுளம்பும் அதற்கு என்றென்றும் தோற்றுக்கொண்டிருக்கப் போவதில்லை. டீ.டீ.ரீ.யும் பூவின் நஞ்சும் பூச்சியின் நரம்பில் ஒரே வாயிலையே தாக்குகின்றன. அவ்வாயில் சற்றே மாறுபட்ட நுளம்புகள் இரண்டுக்கும் ஒருங்கே தப்பிவிடும். நஞ்சை உடலுக்குள்ளேயே சிதைத்துவிடும் நுளம்புகளும் ஆபிரிக்காவிற் பெருகின.

அந்தச் சிதைவைத் தடுக்க அறிஞர் மீண்டும் பழைய துணையைத் தேடினர். நல்லெண்ணெய் ஆராய்ச்சியின் வழியே 1940களிற் பிறந்தது பிப்பரோனில் பியூற்றொக்சைட்டு என்னும் துணைப்பொருள். அதனையும் சேர்த்துத் தோய்த்த வலைகளை, இவ்வாறு நஞ்சுக்குத் தப்பும் நுளம்புகள் உள்ள இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது. தன்சானியாவிலும் உகண்டாவிலும் நடந்த சோதனைகளில், பழைய வலைக்குள் உறங்கிய குழந்தைகளைக் காட்டிலும் புதிய வலைக்குள் உறங்கிய குழந்தைகளின் இரத்தத்தில் மலேரியாக் கிருமி குறைவாகவே காணப்பட்டது.