சிவாஜிநகரும் கெங்கல் அனுமந்தையாவும்

பெங்களூர்ச் சிவாஜிநகர் முன்னாளில் பிளாக்பள்ளி எனப்பட்டது. 1809-இல் ஆங்கிலேயர் நிறுவிய படைப்பாளையத்தைச் சார்ந்து வளர்ந்த இப்பகுதியில் சென்னை மாகாணத் தமிழர் பெருமளவில் குடியேறினர். 1881-இல் மைசூர் ஆட்சி உடையார் மரபினரிடம் மீண்டபோதும், பாளையப் பகுதி பிரித்தானிய ரெசிடெண்டின் ஆளுகையிலேயே நீடித்தது. ஓரூரில் இரு நகராட்சிகள். இருவேறு நீதி அமைப்புகள். கப்பன் பூங்காவைக் கடந்தால் வழக்குமன்றமே வேறாயிற்று.

இத்தகைய நகரில்தான் 1908-இல் பிறந்த கெங்கல் அனுமந்தையா, பூனாவில் சட்டம் பயின்றபின் வழக்கறிஞரானார். விடுதலை இயக்கம் அவரை அரசியலுக்கு ஈர்த்தது. 1947 ஜூலையில் பாளையப் பகுதி மைசூருடன் சேர்ந்தது. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. 1952-இல் அனுமந்தையா மைசூரின் முதலமைச்சரானார்.

விதான சௌதாவை எழுப்பியவர் என்பதே அவரைப் பற்றிய பொது நினைவு. உயர்நீதிமன்றம் இயங்கிய அட்டார கச்சேரிக்கு நேரெதிரே, அதனினும் ஓங்கிய சட்டமன்றத்தை ஒரு வழக்கறிஞர் எழுப்பியது சுவையான செய்திதான். எனினும் வரலாற்று நோக்கில் அதனினும் முதன்மையானது கன்னட நாட்டு ஒருங்கிணைப்பில் அவர் மேற்கொண்ட நிலைப்பாடே ஆகும். ஒருங்கிணைந்த மாநிலத்தில் பழைய மைசூரின் ஒக்கலிகர் செல்வாக்குக் குன்றும் என்ற அச்சம் அவர் சார்ந்த சமூகத்தாரிடையே வலுத்திருந்தது. அதனைப் பொருட்படுத்தாது அவர் ஒருங்கிணைப்பை ஆதரித்தார். 1956 ஆகஸ்டில் பதவியிழந்தார். நவம்பர் 1-இல் பிறந்த புதிய மாநிலத்தின் முதலமைச்சராக நிஜலிங்கப்பா பொறுப்பேற்றார்.

அதே நாள் சிவாஜிநகர்த் தமிழரின் நிலையையும் மாற்றியது. பாளையத்தில் பெருவழக்காயிருந்த அவர்தம் மொழி, மொழிவழி மாநிலமொன்றின் சிறுபான்மை மொழியாயிற்று. குடிபெயராமலேயே ஒரு மக்கட்கூட்டம் சிறுபான்மையானது இங்குக் கருதத்தக்கது. பெங்களூர்த் தமிழர் வரலாறு பிற்கால மொழிப் பூசல்களிலிருந்தே பெரும்பாலும் தொடங்கப்படுவதால் இத்திருப்பம் உரிய கவனம் பெறுவதில்லை.

இணைந்த பெங்களூர் அனுமந்தையாவை 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்கு அனுப்பியது. நிருவாகச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராகவும், பின்னர் இரயில்வே அமைச்சராகவும் அவர் பணியாற்றினார். 1977-இல் பெங்களூர் தெற்கில் அவரை வென்றவரும் சட்டத்துறையினரே. பணிமூப்பு புறக்கணிக்கப்பட்டதால் 1973-இல் உச்சநீதிமன்ற நீதிபதி பதவியைத் துறந்த கே. எஸ். ஹெக்டே அவர், அவ்வாண்டே மக்களவைத் தலைவருமானார். அனுமந்தையா 1980 டிசம்பரில் மறைந்தார்.