ரஃஷாவும் நடுக்குவாதமும்

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தை முதன்முதலில் விவரித்தவர் இப்னு சீனாவே என்று நம்மவர் மேடைகளில் பெருமையோடு கூறப்படுவதுண்டு. 'அல்கானூன் ஃபித்திப்' நூலைப் பிரித்துப் படிப்போர் அதற்கு எளிதில் உடன்பட இயலாது.

கி.பி. 1037இல் மறைந்த அப்பேரறிஞர், நூலின் மூன்றாம் பாகத்தில், ஃபாலிஜ் எனும் பக்கவாதம், தஷன்னுஜ் எனும் இசிவு ஆகியவற்றோடு ரஃஷா எனும் நடுக்கத்தையும் ஆராய்கிறார். உறுப்பின் பாரம் அதனைக் கீழே இழுக்கிறது. தாங்க வேண்டிய இயக்க ஆற்றலோ தளர்ந்திருக்கிறது. இவ்விழுபறியில் நாம் விரும்பிய அசைவும் விரும்பாத அசைவும் கலந்துவிடுகின்றன. ஜாலீனூஸின் மரபில் வந்த நுட்பமான விளக்கம் இது. ஆயினும் முதுமை, அச்சம், கோபம், மிகுந்த மது எனப் பல காரணங்களை அவர் கூறுவதால், ரஃஷா அங்கே ஓர் அறிகுறியே, தனி நோயன்று. மேலும், நடுக்குவாதக்காரரின் கை, மடியில் ஓய்ந்து கிடக்கும்போதே நடுங்குகிறது. தாங்க வேண்டிய பாரம் அப்போது ஏது?

1817இல் லண்டன் ஹாக்ஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் வெளியிட்ட சிறுநூல் ஆறே பேரைப் பற்றியது. அவர்களுள் சிலர் தெருவில் தற்செயலாகக் காணப்பெற்றோர். ஓய்விலும் ஓயாத நடுக்கம், முன்சாய்ந்த உடல், நடக்கத் தொடங்கிய கால்கள் தம்மையறியாமல் ஓட்டம் பிடித்தல் ஆகியவற்றை ஒரே நோயாக இணைத்ததே அவருடைய சாதனை. ஒருவர் நடக்கையில், பணியாளர் அவருக்கு எதிரே பின்னோக்கி நடந்தவாறே, அவர் முகங்குப்புற விழாதபடி தோள்களைத் தாங்கிக்கொண்டு சென்றாராம். நடையை இவ்வளவு கூர்ந்து நோக்கிய கண் அதுவரை அரிதே.

அவர் அதற்கு இட்ட பெயர் 'நடுங்கும் வாதம்' என்னும் பொருளுடையது. பின்னர் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ அப்பெயரை ஏற்கவில்லை: நோயாளியின் வலிமை பெரிதும் குன்றுவதில்லை, சிலருக்கு நடுக்கமே இருப்பதில்லை. ஆகவே பார்க்கின்சன் பெயராலேயே அழைக்கச் செய்தார். வியப்பு என்னவெனில், இன்றைய அரபியில் வழங்கும் 'அஷ்ஷலலுர் ரஃஆஷ்' என்பது ஷார்கோ தள்ளிய அப்பெயரின் நேர்ப்பெயர்ப்பேயாகும்!

மூளையின் கருநிறப் பகுதியில் டோபமின் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதே இந்நோயின் அடிப்படை என்பது 20ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. 1960களில் வந்த லெவோடோபா மருந்து அசைவின் மந்தத்தையும் விறைப்பையும் நன்கு குறைக்கிறது. நோய் முற்றியபின் வரும் நிலைதடுமாற்றத்திற்கோ அது அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. சுஜூதிலிருந்து எழுகையில் தடுமாறும் முதியவரின் துன்பத்தை ரஃஷா என்ற சொல் இன்னும் உள்ளடக்கவில்லை.