பொன்னியின் செல்வன்: புதினமும் திரைப்படமும்

பொன்னியின் செல்வன் என்பது கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய ஐந்து பாக வரலாற்றுப் புதினமும், அதைத் தழுவி மணிரத்னம் இயக்கிய இருபாகத் திரைப்படமும் ஆகும். புதினம் 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் மணியத்தின் ஓவியங்களுடன் தொடராக வந்தது. திரைப்படம் 2022 செப்டம்பர் 30, 2023 ஏப்ரல் 28 ஆகிய நாள்களில் வெளியானது. வசனம் ஜெயமோகன், இசை ஏ. ஆர். ரகுமான்.

புதினம் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிறது. அன்று மாலை வந்தியத்தேவன் என்னும் இளம் வீரன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். குருத்தோலைச் சப்பரங்களை இழுத்து வரும் சிறுவர்கள், மதகுகளில் சுழித்தோடும் புதுவெள்ளம், கரையில் உட்கார்ந்து சித்திரான்னம் உண்ணும் குடும்பங்கள் ஆகியவற்றின் வழியே சோழநாட்டின் வளம் அறிமுகமாகிறது. அரசியல் சதி அதன் பின்னரே வருகிறது. படமோ சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் இராட்டிரகூடரோடு பொரும் போரில் தொடங்குகிறது. திருவிழாவின் நிதானம் இதனால் பெரிதும் குறைந்துவிட்டது. தழுவலின் முதன்மையான இழப்பு இதுவே.

கதைமாந்தரிலும் முடிவிலும் மாற்றங்கள் உண்டு. புதினத்தில் வரும் மணிமேகலை என்னும் பெண் படத்தில் இல்லை. புதினத்தில் எளிய குடியில் வளர்ந்த சேந்தன் அமுதனே அரியணைக்கு உரிய உண்மையான மதுராந்தகன் என வெளிப்பட்டு, உத்தம சோழனாக முடிசூடுகிறான். படம் இந்த ஆள்மாறாட்டத்தை விலக்கி, மதுராந்தகனுக்கே சோழ இளவரசன் அருள்மொழிவர்மன் முடியை விட்டுக்கொடுப்பதாகக் காட்டுகிறது. கதை இதனால் இறுக்கமடைகிறது. படத்தின் முதல் பாகம் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது பெற்றது.