குதிரைக்குள் பிறந்த மருந்து

இலங்கையின் தோப்பூர் வயலில் வெள்ளாமை வெட்டும்போது கண்ணாடி விரியன் தீண்டினால் ஆளை மூதூர் தள வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே சேலைனில் கலந்து நாளத்தில் ஏற்றுகிற மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அதைச் செய்தவை ஒரு குதிரையின் பி கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள். கம்பனியின் பெயர் போத்தலில் இருக்கும். கலத்தின் வரலாறு இருக்காது.

அந்தக் கலம் பிறப்பது குதிரையின் என்பு மச்சையில். அங்கே ஒரு மூலக்கலம் பி கலமாக மாறும்போது நோயெதிர்ப்பில் அதன் கூட்டாளியான டி கலம் தவிர வேறெந்தக் கலமும் துணியாத காரியத்தைச் செய்கிறது: தன் பரம்பரையலகுத் துண்டுகளைத் தானே வெட்டி, இடம் மாற்றி ஒட்டுகிறது. ஜப்பானியரான சுசுமு தொனெகாவா 1976இல் இதைக் காட்டினார். 1987இல் நோபல் பரிசு பெற்றார். துண்டுகள் சேரும் விதம் கலத்துக்குக் கலம் மாறுவதால், ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் வெவ்வேறு வடிவில் ஒரு வாங்கி முளைக்கிறது. வெட்டிய முனைகளை ஒட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் குதிரைகளிடமே பார்க்கலாம். அரேபியக் குதிரைகளில் சில குட்டிகள் இந்த ஒட்டும் புரதத்தில் பழுதோடு பிறக்கின்றன. பி கலமும் இல்லை, டி கலமும் இல்லை. ஐந்து மாதம் தாண்டுவதற்குள் ஏதாவதொரு கிருமி முடித்துவிடும்.

வாங்கி அமைந்ததும் சோதனை. குதிரையின் சொந்த உடலையே இறுகப் பற்றும் கலத்துக்கு வாங்கியைத் திருத்த ஒரு வாய்ப்புக் கிடைக்கும், திருந்தாதது சாகும். தப்பியவை மண்ணீரலில் முதிர்ந்து, இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் சுற்றித் திரிகின்றன. பெரும்பாலானவை தமக்குப் பொருந்தும் எதையும் சந்திக்காமலே மடிகின்றன. விரியனைக் கண்டேயிராத குதிரைக்குள் விரியன் நஞ்சுக்குப் பொருந்தும் வாங்கி முன்கூட்டியே இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு.

நஞ்சு வருவது வேறு வழியாக. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, மூன்று வாரமளவில் வைத்து, சில தடவை நஞ்செடுத்துவிட்டுக் காட்டில் விடுகிறது. பாம்பு பிடிக்கும் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. உலர்த்திய அந்த நஞ்சு சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றப்படுகிறது. மாதக்கணக்கில் அளவு கூடும்.

நஞ்சைப் பற்றிய பி கலம் உடனே பொங்கி எழுவதில்லை. அதை விழுங்கி, துண்டாக்கி, மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு உதவி டி கலத்திடம் போகிறது. டி கலமும் அதே நஞ்சை அறிந்திருந்தால்தான் அனுமதி. பிறகு நிணநீர்க் கணுவுக்குள் முளைமையம் என்ற இடத்தில் கலம் பெருகுகிறது. பெருகும்போதே வாங்கிக்குரிய பரம்பரையலகில் வேண்டுமென்றே பிழைகளை விடுகிறது. பிழையால் கெட்டவை சாகின்றன. பிழையால் நஞ்சை இன்னும் இறுகப் பிடிப்பவை மறுபடி டி கலத்தின் உதவி பெற்று மறுபடி பெருகுகின்றன. ஒவ்வொரு ஊசியும் முன்பு தேறி எஞ்சிய நினைவுக்கலங்களை இழுத்து வந்து இந்தப் பரீட்சையை மீண்டும் நடத்துகிறது. தேறியவற்றில் பல கடைசியில் பிளாஸ்மா கலமாகி, பெருகுவதை நிறுத்திவிட்டு, நஞ்சைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை. பெரிங், கிட்டசாதோ என்ற ஆய்வாளர்கள் 1890இலேயே தொற்றுநோய்க்கு ஊனீர் மருத்துவம் கண்டார்கள். கல்மெத் 1895இல் நாக நஞ்சுக்கு மருந்து செய்தார். அந்த மருந்துகளில் வேலை செய்யும் பிறபொருளெதிரியைச் சுரப்பது பிளாஸ்மா கலமே என்று ஸ்வீடனின் அஸ்ட்ரிட் ஃபாக்ரியஸ் நிறுவியது 1948இல். அரை நூற்றாண்டு காலம் வேலைக்காரன் யாரென்றே தெரியாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

குதிரையின் இரத்தத்திலிருந்து திரவவிழையம் பிரிக்கப்படும். பெப்சின் என்ற நொதியம் பிறபொருளெதிரியின் வாலை நறுக்கும்; நஞ்சைப் பிடிக்கும் கைகள் மிஞ்சும். அதுதான் உலர்தூளாகக் கடல் கடந்து வருகிறது.

இத்தனை துல்லியமாகத் தேர்ந்ததாலேயே அதற்கு எல்லையும் உண்டு. இலங்கையில் அதிகம் கடிக்கும் பாம்புகளில் ஒன்றான கூன்மூக்கு விரியனை அந்தக் குதிரை அறியாது. அந்த விரியனின் நஞ்சுக்கு இம்மருந்து சரிவருவதில்லை. நாகமும் கண்ணாடி விரியனும் இந்தியா, இலங்கை இரு கரையிலும் ஒரே இனமென்றாலும் நஞ்சின் சேர்மானம் முழுக்க ஒன்றல்ல. இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு கோஸ்டாரிக்காவில் தயாரித்த மருந்தின் ஆய்வுக்கூட முடிவுகள் 2016இல் வெளிவந்தன. நமக்கென்று ஒரு மருந்து வழக்கத்துக்கு வரவேண்டும் என்பதே என் கட்சி.

மருந்து ஏறிய உடனே வரும் ஒவ்வாமையும் சாதாரணமல்ல. இலங்கையில் 1007 நோயாளரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் நான்கில் மூவருக்கு அது கண்டது. முன்கூட்டியே கொடுத்த சிறிதளவு அட்ரினலின் கடுமையானவற்றைக் குறைத்தது. தப்பி வீடு திரும்பியவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் மூட்டு வலியும் தடிப்பும் வரலாம். இது பாம்பின் வேலை அல்ல. குதிரையின் புரதத்தை அந்நியமென்று கண்டுகொண்ட அவருடைய சொந்த பி கலங்கள் அதற்கெதிராகப் பிறபொருளெதிரி சுரக்கத் தொடங்கியிருக்கின்றன.