மருத்துவமனைச் சுவர்கள்: கிருமிகளைத் தடுப்பது வண்ணப்பூச்சா, பராமரிப்பா?

சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேரும் நோயாளிக்கு அங்கேயே புதிதாக ஒரு தொற்று ஏற்படுவது, உலகெங்கும் மருத்துவத் துறை எதிர்கொள்ளும் பெரும் சிக்கலாக உள்ளது. உலக சுகாதார அமைப்பு 2022-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் உள்நோயாளிகளாகச் சேரும் ஒவ்வொரு 100 பேரில், உயர் வருவாய் நாடுகளில் 7 பேருக்கும், குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளில் 15 பேருக்கும் குறைந்தது ஒரு தொற்றாவது ஏற்படுகிறது. அவ்வாறு பாதிக்கப்படுவோரில் சராசரியாகப் பத்தில் ஒருவர் உயிரிழக்கிறார்.

இத்தொற்றுகள் பரவுவதில் கைகளுக்கும் கருவிகளுக்கும் முதன்மையான பங்கு உண்டு. அடுத்த நிலையில் நோயாளியைச் சூழ்ந்துள்ள பரப்புகள் வருகின்றன. கரோனா பெருந்தொற்றுக்குப் பின்னர், கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் கொண்டவை என்ற அறிவிப்புடன் பல சுவர்ப்பூச்சுகள் சந்தையில் விற்கப்படுகின்றன. மருத்துவமனைச் சுவருக்கு உண்மையில் எத்தகைய பூச்சு தேவை, அதனால் எவ்வளவு பயன் கிடைக்கும் என்பதை இங்கே காண்போம்.

சுவரிலிருந்து தொற்று பரவுமா?

உலர்ந்த பரப்புகளில் கிருமிகள் எவ்வளவு காலம் உயிருடன் இருக்கும் என்பது குறித்த ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2006-ஆம் ஆண்டு வெளியானது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா 7 நாள்கள் முதல் 7 மாதங்கள் வரையிலும், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அச்சுறுத்தலாக விளங்கும் அசினெட்டோபாக்டர் 3 நாள்கள் முதல் 5 மாதங்கள் வரையிலும் உயிர்த்திருக்கும் என அதில் குறிப்பிடப்பட்டுள்ளது.

எனினும், எல்லாப் பரப்புகளும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. கட்டில் கம்பி, கதவின் கைப்பிடி, மின்விசைப் பலகை, மருந்தேற்றும் கருவிகளின் பொத்தான்கள் போன்றவை ஒரு நாளில் பலமுறை தொடப்படுகின்றன. சுவரின் பெரும்பகுதியை எவரும் தொடுவதில்லை.

பிரிட்டனில் 1967-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, மருத்துவமனைச் சுவர்களில் தரையைக் காட்டிலும் மிகக் குறைவான பாக்டீரியாக்களே இருப்பதையும், நீண்ட காலம் கழுவாமல் விட்டாலும் அவற்றின் எண்ணிக்கை பெருகாததையும் கண்டறிந்தது. ஆனால், கைகள் பட்ட இடங்களிலும், வண்ணப்பூச்சு சிதைந்து ஈரமான காரை வெளியே தெரிந்த இடங்களிலும் அவை பெருமளவில் காணப்பட்டன. அதாவது, உலர்ந்த, சிதையாத சுவரால் ஆபத்து குறைவு. விரிசலும் ஈரமும் கொண்ட சுவரே கிருமிகளுக்கு இடமளிக்கிறது. மருத்துவமனைச் சுவர்ப்பூச்சு குறித்த முடிவுகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

சுண்ணாம்பு முதல் எபாக்சி வரை

இந்தியாவின் பழைய மருத்துவமனைகளில் சுண்ணாம்பு அடிப்பதே வழக்கமாக இருந்தது. புதிதாகப் பூசிய சுண்ணாம்பு கடும் காரத்தன்மை உடையது என்பதால் கிருமிகளை அழிக்கும். ஆனால், காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து அது காலப்போக்கில் அத்தன்மையை இழந்துவிடுகிறது. பின்னர் கையில் ஒட்டும் பொடியாக உதிர்கிறது; நீர் விட்டுத் தேய்த்துக் கழுவவும் முடியாது. சாதாரண டிஸ்டெம்பர் பூச்சுக்கும் இதே குறை உண்டு.

அக்ரிலிக் எமல்ஷன் வகைகள் நீரில் கரைத்துப் பூசப்படுபவை, வாடை குறைவு. இவற்றில் உயர்தரமானவற்றை ஈரத்துணியால் பலமுறை துடைக்கலாம். எண்ணெய் சார்ந்த எனாமல் பூச்சு வழவழப்பானது என்றாலும், உலர நேரம் பிடிக்கும், நாளடைவில் மஞ்சளாகும்.

எபாக்சி பூச்சில் பிசினும் அதனை இறுகச் செய்யும் பொருளும் தனித்தனியே வந்து, பூசும் வேளையில் கலக்கப்படுகின்றன. இறுகியபின் இணைப்பில்லாத கடினமான படலமாகிறது. ரசாயனங்களையும் தொடர்ச்சியான கழுவுதலையும் அது தாங்கும். வெயில் படும் இடங்களில் மஞ்சளாவது இதன் குறை. அத்தகைய இடங்களில் மேற்பூச்சாகப் பாலியூரித்தேன் பயன்படுத்தப்படுகிறது.

பீங்கான் ஓடுகள் கடினமானவை, எளிதில் கழுவத்தக்கவை. ஆனால், ஓடுகளுக்கு இடையே உள்ள சிமென்ட் கோடுகள் நீரையும் அழுக்கையும் உறிஞ்சும். ஆகவே ஓடு பதிக்கும் இடங்களில் இடைவெளியைக் குறைத்து, எபாக்சி கலவையால் அதனை நிரப்புவது நல்லது. விளிம்புகள் உருக்கி ஒட்டப்படும் வினைல் விரிப்புகளும் சுவர்களுக்குப் பயன்படுகின்றன. அவற்றின் ஓரம் பிரிந்தால் உள்ளே ஈரம் தங்கிவிடும்.

எந்த அறைக்கு எது?

மருத்துவமனை முழுவதற்கும் விலை உயர்ந்த ஒரே பூச்சைப் பயன்படுத்த வேண்டியதில்லை. அறுவை அரங்கம், தீவிர சிகிச்சைப் பிரிவு, தீக்காயப் பிரிவு, பச்சிளங்குழந்தைகள் பிரிவு ஆகியவற்றுக்கு இணைப்பற்ற எபாக்சி அல்லது பாலியூரித்தேன் படலம் பொருத்தமானது. பொது வார்டுகளுக்கும் புறநோயாளிகள் பகுதிக்கும் தேய்த்துக் கழுவத்தக்க தரமான எமல்ஷன் போதுமானது. கைகழுவும் தொட்டிக்குப் பின்புறம், கழிவறை, அழுக்குத் துணி சேகரிக்கும் அறை போன்ற நீர் தெறிக்கும் இடங்களுக்கு ஓடு அல்லது எபாக்சி தேவை.

அறுவை அரங்குகளின் காற்றுப்பதன வசதி குறித்து, மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய வாரியமான என்ஏபிஎச் வெளியிட்டுள்ள வழிகாட்டுதலும், அங்குள்ள தரை, சுவர், மேற்கூரை ஆகியவை நுண்துளைகளற்று, வழவழப்பாக, இணைப்பின்றி, எளிதில் தூய்மைப்படுத்தத் தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தைச் செங்குத்தாக விடாமல் வளைவாக அமைப்பது, மூலையில் தூசி தங்குவதைத் தடுக்கும்.

எவ்வளவு உறுதியான பூச்சாக இருந்தாலும், நோயாளியைக் கொண்டுசெல்லும் தள்ளுவண்டி ஒவ்வொரு நாளும் மோதினால் அது பெயர்ந்துவிடும். வண்டி மோதும் உயரத்தில் தடுப்புப் பட்டையும், சுவர் முனைகளில் காப்புத் தகடும் பொருத்துவது, மீண்டும் மீண்டும் வண்ணம் பூசுவதைக் காட்டிலும் சிக்கனமானது.

'99.9 சதவீதம்' என்பதன் பொருள்

கிருமிக்கொல்லிப் பூச்சுகளில் வெள்ளி, செம்பு, துத்தநாகம் ஆகியவற்றின் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. சிலவற்றில், ஒளி பட்டால் வினைபுரியும் டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்கப்படுகிறது.

இத்தகைய பரப்புகளைச் சோதிக்கப் பரவலாகக் கையாளப்படும் ஐஎஸ்ஓ 22196 முறையில், பாக்டீரியா கலந்த திரவம் பரப்பின்மீது இடப்பட்டு, மெல்லிய படலத்தால் மூடப்படுகிறது. 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்திலும் 24 மணி நேரம் வைக்கப்பட்டபின் எஞ்சிய பாக்டீரியாக்கள் எண்ணப்படுகின்றன. குளிரூட்டப்பட்ட வார்டின் உலர்ந்த சுவரில் இந்தச் சூழல் இருப்பதில்லை. சுவரில் தூசியோ ரத்தக் கறையோ படிந்திருந்தால், பூச்சிலுள்ள வேதிப்பொருள் கிருமியைச் சென்றடைவதும் தடைபடும்.

எனவே பூச்சை வாங்கும் நிர்வாகம் சில கேள்விகளை எழுப்ப வேண்டும். சோதனை எந்த முறையில் நடத்தப்பட்டது? எந்தக் கிருமிகளுக்கு எதிராக? எவ்வளவு நேரத்தில் பலன் தெரிந்தது? பலமுறை கழுவிய பின்னரும் அந்த ஆற்றல் நீடிக்கிறதா?

தேய்ப்பைத் தாங்கும் திறனையும் எண்ணிக்கையில் கேட்டுப் பெறலாம். ஈன் 13300 என்ற ஐரோப்பியத் தரநிலையின்படி, 200 முறை ஈரத்தில் தேய்த்தபின் 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவாகத் தேயும் பூச்சே முதல் வகுப்பில் சேரும். சுவரின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, கிருமிக்கொல்லி முத்திரையைவிட இந்த எண்ணிக்கையே கூடுதலாகப் பேசுகிறது.

ஈரமே முதல் எதிரி

இந்தியாவில் பருவமழைக் காலத்தில் நீர்க்கசிவு, உப்புப் பூத்தல், பூஞ்சை ஆகியவையே சுவர்களைப் பெரிதும் பாழாக்குகின்றன. கசிவைச் சரிசெய்யாமல் அதன்மேல் எபாக்சி பூசினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் படலம் கொப்புளித்து உரியும். முதலில் மேற்கூரையையும் குழாய்களையும் பழுதுபார்க்க வேண்டும். புதிய சிமென்ட் பூச்சு முழுமையாக இறுகி உலர்வதற்குச் சுமார் 28 நாள்கள் விட வேண்டும். திறப்பு விழாவுக்காக இந்த இடைவெளி குறைக்கப்படும் கட்டடங்களில் பூச்சு விரைவில் பெயர்வது வியப்பன்று.

பழைய பூச்சைச் சுரண்டும்போதும் கவனம் தேவை. அப்போது கிளம்பும் தூசியில் ஆஸ்பர்ஜிலஸ் பூஞ்சையின் வித்துகள் பரவக்கூடும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர் போன்ற எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பணி நடக்கும் பகுதியைத் தடுப்பால் மூடி, நோயாளிகளை முன்கூட்டியே வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கவும் வாய்ப்புண்டு. வீட்டு உபயோக மற்றும் அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகக்கூடாது என்ற விதி, இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

தூய்மைப்படுத்தும் முறை

சுவரில் கறையோ தூசியோ தென்படும்போது முதலில் சோப்புக் கரைசலால் அதனை அகற்ற வேண்டும். ரத்தம் போன்ற உடல் திரவங்கள் பட்ட இடத்தில் அதன்பின் 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பயன்படுத்தலாம். அழுக்கை நீக்காமல் கிருமிநாசினி இட்டால் அதன் வீரியம் குறையும். ஹைப்போகுளோரைட்டுடன் அமிலம் கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு உண்டாகும் என்பதால், கழிவறை தூய்மைக்கான அமிலங்களுடன் அதனைச் சேர்க்கவே கூடாது. சொரசொரப்பான நார்களால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழுந்து, அங்கே அழுக்கு தங்கும். கட்டடங்களுக்குள் கிருமிநாசினியைத் தெளிப்பதையும் புகையாகப் பரப்புவதையும் வழக்கமான முறையாகப் பின்பற்ற வேண்டாம் என உலக சுகாதார அமைப்பு 2020-ஆம் ஆண்டு அறிவுறுத்தியது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2015-ஆம் ஆண்டு மே 15 அன்று தொடங்கிய 'காயகல்ப்' திட்டம், அரசு மருத்துவமனைகளின் பராமரிப்பு, தூய்மை, கழிவு மேலாண்மை, தொற்றுக் கட்டுப்பாடு ஆகியவற்றை மதிப்பெண்ணிட்டு விருது வழங்குகிறது. அந்த அமைச்சகம் 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டுதல்களையும் வெளியிட்டது.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு வார்டிலும் சுவர்களைச் சுற்றிப் பார்த்து, விரிசல், கசிவு, பெயர்ந்த இடம், ஆணித் துளை ஆகியவற்றைக் குறித்துவைத்து உடனே அடைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. புதிய பூச்சுக்கு ஒதுக்கப்படும் நிதியில் ஒரு பகுதியை இப்பணிக்கும் தூய்மைப் பணியாளர்களின் பயிற்சிக்கும் ஒதுக்கினால், நோயாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகும். எந்தப் பூச்சும் கைகழுவுதலுக்கு மாற்றாகாது. தொட்ட இடத்தில் கிருமி தங்காமல் துடைத்தெடுக்க உதவுவதே நல்ல சுவரின் பணி.